வால் இருந்த பிள்ளையார்

ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் தங்கள் தொழில் அனுபவத்தை ஆண்டு மலருக்கு எழுதவேண்டும் என்று எங்கள் மூத்தோர் சங்கத்தில் இந்த வருடம் தீர்மானம் போட்டார்கள். கணக்காளர்கள் எழுதிவிட்டார்கள். பொறியியலாளர்கள் படமும் கீறி அனுப்பிவிட்டார்கள். வைத்தியர்களும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களின் கையெழுத்தை வாசிக்க ஒரு மருந்துக்கடைக்காரரைத் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. கடைசியில் மலருக்குப் பொறுப்பான ரகு என்னிடம் வந்தார்.

"அண்ணை, நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?"

"ஏலக்கடையிலை மரப்பொத்தானைக் கையிலை பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

"பகிடி விடாதேங்கோ."

"உண்மையாத்தான். பென்சன் எடுக்கும் வரைக்கும் அதுதான் வேலை."

ரகு தன் பட்டியலில் எதையோ வெட்டி எழுதினார். "அப்ப உங்களுக்கு அரைப் பக்கம் காணும்" என்றார். பிறகு மனம் இரங்கி, அந்தப் பொத்தானின் பெயரைக் கேட்டுத் தன்னுடைய ஐபாடில் தட்டி, "இதுவோ அண்ணை, நீங்கள் சொல்ற சாமான்?" என்று நீட்டினார். திரையில் ஒரு ஜப்பானிய மர டிராகன் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு மெதுவாகச் சுழன்றது. ஏலம் இப்போது இப்படித்தானாம். படுக்கையில் கிடந்தபடியே கேட்கலாம், வாங்கலாம். நான் என்னை அறியாமல் உள்ளங்கையை விரித்துத் திரைக்குக் கீழே பிடித்தேன். ஐபாடைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து ரகு அதை என் கையில் வைத்துவிட்டார். அது டிராகனைவிடப் பாரம். ஆனால் கையில் டிராகன் இல்லை.

அந்த வெறுங்கையால்தான் இதை எழுதுகிறேன். அரைப் பக்கம் காணாது.

எழுபதுகளின் முதற்பாதியில், எங்கள் நிறத்து ஆட்களுக்கு இந்த நாட்டின் கதவு கொஞ்சம் இளகத் தொடங்கிய நேரத்தில், மெல்பேர்ணுக்கு வந்தவன் நான். கொழும்பில் சுங்கத்தில் கிளாக்கர். இங்கே ஓர் ஏலக்கடையில் கதிரை தூக்கும் வேலை கிடைத்தது. கதிரைகளில் பாதி என்னைவிடப் பாரம். ஒரு நாள் ஒரு விக்டோரியாக் காலத்துச் சாய்மனைக் கதிரையோடு படியில் உருண்டு வந்தேன். கதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அதன் பிறகு என்னை மேல்மாடிக்கு, சின்னப் பொருட்கள் பார்க்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே எல்லாமே ஒரு கையால் தூக்கக்கூடியவை.

அந்த அறையில் மிஸ்டர் கெல்சோ இருந்தார். மனைவி, பிள்ளை, நாய், பூனை எதுவும் இல்லாத நெடிய மனிதர். ஜப்பானியச் சிற்பங்கள் அவருடைய பொறுப்பு. அவருக்கு எடுத்துக் கொடுக்க, துடைக்க, விபரம் எழுத என்னை வைத்தார்கள்.

நெட்சுகே என்றால் என்னவென்று அவர் விளக்கத் தொடங்கியபோது எனக்கு உடனே விளங்கிவிட்டது. இடுப்பில் சாரம் கட்டி வளர்ந்தவனுக்கு அது விளங்காமல் போகுமா? பழைய ஜப்பானிய உடுப்புக்குச் சட்டைப்பை கிடையாது. புகையிலைப் பையையோ மருந்துச் செப்பையோ ஒரு நூலில் கட்டி, நூலை இடுப்புப் பட்டிக்குப் பின்னால் விட்டு எடுத்து, மேல் நுனியில் நழுவாமல் இருக்க ஒரு குமிழைக் கட்டுவார்கள். அந்தக் குமிழ்தான் நெட்சுகே. எங்கள் ஆட்கள் சாரத்து மடியில் சுருட்டைச் செருகிவிட்டு அது விழுந்த பிறகு தெருவெல்லாம் தேடுவார்கள். ஜப்பான்காரன் அதற்கு ஒரு குமிழைச் செதுக்கினான். செதுக்கியதுதான் செதுக்கினான், சும்மா செதுக்கினானா? உள்ளங்கையில் அடங்கும் மரத்துண்டில் டிராகன், நீண்ட மூக்குப் பூதம், ஆற்றுப் பிசாசு என்று உலகத்தில் இல்லாத பிராணி எல்லாவற்றையும் செதுக்கி வைத்தான்.

மிஸ்டர் கெல்சோவின் முறை இது: முதலில் கை, பிறகு கண்ணாடி, கடைசியில் வாய். பச்சைக் கம்பளித் துணி விரித்த மேசையில் பொருள் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கையில் எடுப்பார். துணியில் சிக்கும்படி ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா, நூல் போகும் இரண்டு ஓட்டைகளின் விளிம்பு எப்படி இருக்கிறது, உடம்போடு உரசிய பக்கம் எவ்வளவு மழுங்கியிருக்கிறது என்று விரலால் தடவி அறிவார். அதன் பிறகுதான் பூதக்கண்ணாடி. பேச்சு அதற்கும் பிறகு, அதுவும் பெரும்பாலும் வராது. பொருள் நல்லதென்றால் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் ஒரு ஊது ஊதுவார். போலி என்றால் கதிரையை யன்னல் பக்கம் திருப்பிக் காலநிலை சொல்வார். ஒரு பெரிய மனிதர் கொண்டுவந்த டிராகனைத் தடவிப் பார்த்துவிட்டு, "பின்னேரம் மழை வரும்" என்றார். வந்தவர் நன்றி சொல்லிவிட்டுக் குடை வாங்கப் போனார்.

இப்படிப்பட்ட ஒருவரோடு பகல் முழுவதும் இருந்தால் பேச்சு மறந்துபோகும். பின்னேரம் நான் போவது பிரன்ஸ்விக்கில் ஒரு வாடகை அறைக்கு. அங்கே என்னோடு பேசக்கூடியது குழாய் மட்டும்தான், அதுவும் சொட்டுச் சொட்டாக. மெல்பேர்ணில் அப்போது வேறு தமிழர் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. டிராமில் கறுத்த தலை ஒன்றைக் கண்டால் இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் பின்னால் போயிருக்கிறேன். ஒருமுறை அது மால்டாக்காரர்.

ஆகவே மிஸ்டர் கெல்சோ மதியச் சாப்பாட்டுக்குப் போன பிறகு நான் அலுமாரிப் பிராணிகளோடு தமிழ் பேசுவேன். நீண்ட மூக்குப் பூதத்துக்குச் 'சட்டம்பியார்' என்று பெயர் வைத்திருந்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்த மூக்கு ஏற்கெனவே இருந்தது. ஆற்றுப் பிசாசுக்கு உச்சந்தலையில் ஒரு குழி. அதில் தண்ணீர் இருக்கும்வரைதான் பலம், குனிந்தால் ஊற்றுப்பட்டுவிடும். யாருக்கும் குனியாத அதற்கு, ஊரில் கூப்பனுக்குச் சீனி தரும் 'சங்கக்கடை மனேச்சர்' என்று பெயர். "என்ன மனேச்சர், இண்டைக்குச் சீனி வந்ததோ?" என்று கேட்பேன். இல்லையென்ற முகத்தோடேயே இருப்பார். ஊரிலும் அப்படித்தான்.

இப்படியிருந்த ஒரு நாள் மிஸ்டர் கெல்சோ வெளியே போயிருந்தபோது மிஸிஸ் டொட் வந்தார். கோபேர்க்கில் தனியாக இருக்கும் வயதான அம்மா. நல்ல தொப்பி, தேய்ந்த சப்பாத்து. கைப்பையைத் திறந்து, கைலேஞ்சியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். வைத்தார் என்றா சொன்னேன்? தொப்பென்று போட்டார்.

மிஸிஸ் டொட் பேசியதும் மிஸ்டர் கெல்சோ பேசியதும் ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடம் கழித்து நினைக்கும்போது எனக்கு அது யாழ்ப்பாணத் தமிழிலேயே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"இது என்ன எண்டு சொல்லும். ஜப்பானிலையிருந்து என்ர மனுசன் கொண்டுவந்தது. லெஸ் எண்டு பேர். உலக யுத்தத்திலை நியூகினியிலை சண்டை பிடிச்சவர், பேந்து யுத்தம் முடிய ஜப்பானிலை காவலுக்கு நிண்டவர். வீட்டை வந்த நாள் தொடக்கம் இந்தப் பண்டிக்குட்டியைக் கையிலை வைச்சிருந்தார். சாகும்போதும் இதுதான் கையிலை இருந்தது. என்ர கை இல்லை."

நான் துணியை விலக்கினேன். உள்ளே நான்கு காலில் குந்தியிருந்த ஒரு சின்ன மரப் பிராணி. அதற்குத் தும்பிக்கை இருந்தது.

தும்பிக்கையைக் கண்ட பிறகு நான் வேறு எதையும் காணவில்லை. மெல்பேர்ணில் ஒரு கோயிலும் இல்லாத காலம் அது. பிறகு கோயில் எழும்பிய கேரம் டவுன்ஸில் அப்போது மாடு மேய்ந்துகொண்டிருந்திருக்கும். ஊரைவிட்டு வந்த பிறகு நான் பிள்ளையாரைக் கண்டதில்லை. இப்போது அவர் கைலேஞ்சி போர்த்துக்கொண்டு தானே வந்திருக்கிறார்! கையையும் மறந்தேன், கண்ணாடியையும் மறந்தேன். வாய் முதலில் திறந்தது.

"அம்மா, இது எங்கடை கடவுள். பிள்ளையார்!"

"ஜப்பானிலையோ?"

"அங்கையும் போயிருக்கிறார். எங்கையும் போவார்."

"இவர் என்ன செய்வார்?"

"வாழ்க்கையிலை என்ன தடை இருந்தாலும் விலக்கிவிடுவார். அதுக்குத்தான் உங்கடை மனுசன் கையிலை வைச்சிருந்திருப்பார்."

மிஸிஸ் டொட் கைப்பையைச் சத்தமாக மூடினார். "எங்கடை வீட்டிலை ரெண்டு பேர்தான் இருந்தனாங்கள்" என்றார் பிறகு. "பிள்ளைகள் இல்லை. அப்ப என்ன தடை?"

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. சிரித்துக்கொண்டு நின்றேன்.

"வந்த அண்டைக்கு இதைக் காட்டி, 'என்னாலை விழுங்க ஏலாததை இவன் விழுங்குவான்' எண்டு சொன்னவர். என்ர சமையலை நக்கல் அடிக்கிறார் எண்டு நினைச்சன். சமையல் மட்டும் இல்லைப் போலை." தொப்பியைச் சரிசெய்தார். "வித்துவிடும். விலைப்படாட்டிக் குப்பையிலை போடும். இனி என்ர வீட்டுக்கு இது வேண்டாம்."

போய்விட்டார். நான் பிள்ளையார் கிடைத்த சந்தோஷத்தில் கதவைக்கூடத் திறந்துவிடவில்லை.

மறுநாள் ஆவணிச் சதுர்த்தி. ஊரிலிருந்து வந்த கலண்டர் அப்படிச் சொன்னது. மோதகத்துக்கு நான் எங்கே போவது? தெருமுனை பேக்கரியில் ஒரு லாமிங்டன் வாங்கினேன். சொக்கிலேட்டில் தோய்த்த சதுரக் கேக், ஆனால் மேலே தேங்காய்ப்பூ தூவியிருக்கும். மோதகத்துக்கு அது தூரத்துச் சொந்தம். மதியம் மிஸ்டர் கெல்சோ போனதும் பிள்ளையாரைக் கிழக்குப் பார்க்க வைத்து, லாமிங்டனைப் படைத்து, நெற்றியில் குட்டி, காதுகளை மாற்றிப் பிடித்துத் தோப்புக்கரணம் போடத் தொடங்கினேன். தமிழில் வாய்விட்டுக் கும்பிட எவ்வளவோ இருந்தது. வேலை, வாடகை, அம்மாவின் முழங்கால், டிராமில் வந்த மால்டாக்காரர். எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி இருந்தெழும்பினேன். கண்ணில் கொஞ்சம் தண்ணீரும் வந்தது.

எழும்பும்போது கதவடியில் மிஸ்டர் கெல்சோ நின்றார். குடையை மறந்துவிட்டுப் போனவர்.

"நாதன்," என்றார், "காதிலை ஏதும் நோவோ?"

"இல்லை சேர். கும்பிடுறன்."

அவர் என்னைப் பார்த்தார். லாமிங்டனைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு இருந்து, கண்ணை மூடி, பிள்ளையாரைக் கையில் எடுத்தார். நான் காதிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றேன்.

"உம்முடைய கடவுளுக்குப் புலிப் பாதம் இருக்கோ?"

"இல்லை, சேர்."

"சுருட்டை மயிர்?"

"இல்லை."

"வால்?"

நான் எட்டிப் பார்த்தேன். மாட்டு வால் ஒன்று முதுகோடு ஒட்டி, அழகாகச் சுருண்டிருந்தது.

"இது பகு" என்றார். "யானைத் தும்பிக்கை, மாட்டு வால், புலிக் கால். கெட்ட கனவைத் தின்னிற பிராணி. கெட்ட கனவு கண்டு முழிக்கிறவை இதைக் கூப்பிட்டு, 'என்ர கனவைத் தின்' எண்டு சொல்லுவினம். தலையணையிலையும் இதின்ரை படம் போடுவினம்." பிறகு விரலால் ஓட்டைகளின் விளிம்பைத் தொட்டார். "இங்கை கூராயிருக்கு. நூல் ஓடவே இல்லை. ஆனா நெத்தி தேஞ்சுபோய்க் குழி விழுந்திருக்கு. ஆரின்ரையோ இடுப்பிலை இது தொங்கேல்லை. ஆரோ ஒருதர் பெருவிரலாலை தடவித் தடவித் தேய்ச்சிருக்கிறார். கனகாலம்."

எனக்கு அப்போதுதான் மிஸிஸ் டொட்டின் முகம் விளங்கியது. நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் கதிரையை யன்னல் பக்கம் திருப்பவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"அந்த அம்மா தன்னைத்தான் தடை எண்டு நினைச்சுக்கொண்டு வீட்டை இருக்கிறா. நீர் சொன்னதை நீர்தான் போய்த் திருப்பி எடுக்கவேணும். இப்பவே போம். லாமிங்டனை விட்டுட்டுப் போம், எனக்குப் பசிக்குது."

டிராமில் போகும்போது கோட்டுப் பையில் கையை விட்டு அந்தப் பிராணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெருவிரல் தானாகவே அந்தக் குழியில் போய் இருந்தது. எனக்குத் தெரியாத ஒரு மனிதரின் விரலுக்குள் என் விரலை வைத்ததுபோல இருந்தது. அதன் பிறகு கோபேர்க் வரும்வரை தடவவில்லை.

மிஸிஸ் டொட் கதவைப் பாதி திறந்து, "விலைப்படேல்லையோ?" என்றார்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன். இது எங்கடை கடவுள் இல்லை."

"உங்கடை கடவுளையே உமக்குத் தெரியாதோ?"

"கன நாள் காணாததிலை ஆள் மாறிப்போச்சு."

உள்ளே விட்டார். குசினி மேசையில் ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு கத்தி. இன்னொரு கதிரையில் பழைய பேப்பர்கள் அடுக்கியிருந்தன. அவற்றை நிலத்தில் வைத்துவிட்டு இருந்தேன். பேசத் தொடங்கியவன் வாயை மூடிக்கொண்டேன். முதலில் கை.

"கையை நீட்டுங்கோ. கண்ணை மூடுங்கோ."

"நான் இதைத் தொடமாட்டன்."

"ஒருக்கா."

நீட்டினார். வைத்தேன். பிறகு அவருடைய பெருவிரல் அசைந்து தும்பிக்கைக்கு மேலே உள்ள குழியைக் கண்டுபிடித்தது. அவர் விரலுக்கு அந்தக் குழி பெரிது. உள்ளே அங்கும் இங்கும் அசைந்தது.

"இது லெஸ்ஸின்ரை விரல்" என்றார் கண்ணைத் திறக்காமல்.

பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். வாலையும் பாதங்களையும் காட்டினேன். கடைசியாகத்தான் சொன்னேன், அது எதைத் தின்னும் என்று.

மிஸிஸ் டொட் எழும்பி நடந்தார். நானும் பின்னால் போனேன். பின்விறாந்தையைப் பலகை அடைத்து அறையாக்கியிருந்தார்கள். ஒரு ஒடுங்கிய கட்டில், மடித்த போர்வை, யன்னல் இல்லை.

"இஞ்சைதான் படுத்தவர். வந்த கிழமையிலையிருந்து. தான் குறட்டை விடுறவராம், எனக்கு நித்திரை குழம்புமாம். கதவைச் சாத்திப்போட்டுப் படுப்பார். நான் ஒருநாளும் குறட்டை கேக்கேல்லை." கட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றார். "விழுங்க ஏலாதது எண்டு சொன்னது..."

"சமையல் இல்லை அம்மா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடேயே கோபமும் வந்தது. பிராணியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதனோடு பேசினார். "உன்னட்டைச் சொன்னதிலை ஒண்டை என்னட்டைச் சொல்லியிருக்கலாம் அந்த மனுசன். ஒண்டே ஒண்டு. நானும் நல்லாத் தின்னுவன்."

பிறகு அதைக் கைலேஞ்சியில் சுற்றினார். என்னிடம் தரவில்லை. தன் ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு தேநீர் போட்டார்.

"நீர் ஆரோடை இருக்கிறீர்?"

"தனிய."

"கனவு வாறதோ?"

"வரும். எனக்குக் கெட்ட கனவே நல்லதுதான் அம்மா. அதிலையாவது ஆக்கள் தமிழிலை ஏசுவினம்."

"ஒண்டு சொல்லும் பாப்பம்."

நான் முந்தைய இரவு கண்டதைச் சொன்னேன். சுவான்ஸ்டன் தெரு டிராமில் எங்கள் ஊர் பஸ் கொண்டக்டர் ஏறுகிறார். ரிக்கெற் கேட்கிறார். என்னிடம் இருப்பது ஒரு வாழைப்பழம். "இது பருத்தித்துறைக்குத்தான் செல்லும், இறங்கும்" என்கிறார். இறங்கினால் கடல். மிஸிஸ் டொட் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "பயந்தனீரோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம்" என்றேன். அந்த நகரத்தில் நான் யாரிடமும் அதற்கு முன் ஒத்துக்கொள்ளாத விஷயம்.

வாசலில் வைத்து என் கையைப் பிடித்தார். "கலியாணம் கட்டினா அவளுக்குக் கனவைச் சொல்லும். விசர்க் கனவு எண்டாலும் சொல்லும். பலகை அடிச்சு அறை கட்டாதேயும்."

ஏலக்கடைக்குத் திரும்பியபோது மிஸ்டர் கெல்சோ கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். மேசையில் தேங்காய்ப்பூ சிந்தியிருந்தது. என் வெறுங்கையைப் பார்த்தார்.

"வித்தாச்சோ?"

"இல்லை சேர். வீட்டை திரும்பிப் போயிட்டுது."

"வாய் எப்ப திறந்தனீர்?"

"கடைசியா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதன்மேல் ஒரு ஊது ஊதினார். ஒரு மனிதனைப் பார்த்து அவர் அப்படிச் செய்து நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

பிறகு நல்ல நெட்சுகேகள் எத்தனையோ என் கைக்கு வந்து போயின. அவற்றைப் பற்றி எழுதினால் ரகு மலரை விட்டுவிட்டு ஓடிவிடுவார். நான் கலியாணம் கட்டினேன். மிஸிஸ் டொட் சொன்னபடியே செய்தேன். ஒவ்வொரு விடியவும் தேநீரோடு மனைவிக்குக் கனவு சொன்னேன். முதல் வருடம் பாவம் பார்த்துக் கேட்டாள். அதன் பிறகு, "காணும், நிப்பாட்டுங்கோ. உங்கடை கனவைக் கேட்டு எனக்குப் பகலிலையும் நித்திரை இல்லை" என்பாள். ஆனால் நான் ஒரு நாள் சொல்லாவிட்டால், "ஏன், இண்டைக்கு ஒண்டும் வரேல்லையோ?" என்று அவளே கேட்பாள். எங்கள் வீட்டில் ஒரு படுக்கையறைதான் புழக்கத்தில் இருந்தது.

இப்போது கேரம் டவுன்ஸில் பெரிய கோயில். பிள்ளையாருக்கு உண்மையான மோதகம். போகும்போதெல்லாம் அவருக்குப் பின்னால் வால் இருக்கிறதா என்று ஒருக்கால் எட்டிப் பார்ப்பேன். ஐயர் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார். முன்பென்றால் மனைவி சட்டையைப் பிடித்து இழுப்பாள். இரண்டு மாரிகாலமாக இழுக்க அவள் இல்லை.

கனவு மட்டும் வந்துகொண்டுதான் இருக்கிறது. விடியக் குசினிக்குப் போய்க் கேத்திலைப் போட்டுவிட்டு, கதிரையில் இருந்து, தொடக்கத்திலிருந்து சொல்வேன். பழக்கத்தில் பெருவிரல் சும்மா அசையும், கையில் ஒன்றும் இல்லாமலே. கேத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். கொதித்ததும் டக்கென்று தன்பாட்டில் நின்றுவிடும்.

அவளாயிருந்தால் அதற்கு முன்பே நிறுத்தியிருப்பாள்.